பெயர் எழுதாத படம்

போகிப் பண்டிகையன்று பழைய பாய், கிழிந்த முறம், தேய்ந்த துடைப்பம் முதலியவற்றை வாசலில் குவித்துக் கொளுத்துவது நம் நாட்டு வழக்கம். நல்ல வழக்கந்தான். ஆனால் கொளுத்துகிறவனுக்குப் பாய்க்கும் காகிதத்துக்கும் வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். 1988-ஆம் வருஷத்துப் போகியன்று எனக்கு அது தெரிந்திருக்கவில்லை.

தை பிறந்ததும் நாங்கள் வீடு மாறுவதாக இருந்தோம். பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கினேன். என் தகப்பனாருடைய பெட்டி. அவர் 1971-ல் காலமான பிறகு அதை யாரும் திறக்கவில்லை. திறந்து பார்த்தால், உள்ளே கட்டுக் கட்டாகக் காகிதங்கள். மேலே இருந்த கட்டை ராமபாணப் பூச்சி சல்லடைக் கண்ணாகத் துளைத்திருந்தது. எனக்குத் தும்மல் வந்தது. மேல் கட்டின் லட்சணமே இதுவானால் அடிக்கட்டு எப்படி இருக்கும் என்று தர்க்க சாஸ்திர முறைப்படி முடிவு செய்து, பெட்டியை அப்படியே நெருப்பில் கவிழ்த்தேன். என் தாயார் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் எத்தனையோ வருஷங்கள் ஓடிவிட்டன. தாயாரும் போய்விட்டாள். அந்தத் தலைமுறையில் இப்போது எஞ்சி இருப்பது என் அத்தை ஒருத்திதான். தகப்பனாரின் கடைசித் தங்கை. தொண்ணூறு வயதைக் கடந்தவள். சில மாதங்களுக்கு முன் எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தபோது, ஒரு நாள் காப்பி குடித்துக்கொண்டே திடீரென்று கேட்டாள்:

"ஏண்டா, அண்ணா காலேஜில் எடுத்துக்கொண்ட படம் ஒன்று இருந்ததே, அந்தத் தகரப் பெட்டியில்? அதை எடு, பார்க்கலாம்."

என் தகப்பனாருக்கு எங்கள் வீட்டில் இருக்கும் படம் ஒன்றே ஒன்று. ஆபீஸ் அடையாள அட்டைக்காக எடுத்தது. வழுக்கைத் தலையும், மூக்குக் கண்ணாடியும், உலகத்தின் பேரில் ஒரு சந்தேகமுமாக அதில் அவர் காட்சி தருகிறார். அவரும் ஒரு காலத்தில் பதினெட்டு வயசுப் பிள்ளையாக இருந்திருக்கக் கூடும் என்ற எண்ணமே எனக்கு அதுவரையில் தோன்றியதில்லை. "தேடிப் பார்க்கிறேன், அத்தை" என்று சொன்னேன். நான் சொன்ன பொய்களுக்குள் அது மிகச் சிறியது. ஆனால் என்னை ஊர் ஊராக அலைய வைத்தது அதுதான்.

தகப்பனார் இண்டர்மீடியட் படித்துக்கொண்டிருந்த காலத்தில், 1942-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில், கல்லூரியை விட்டு வெளியே வந்தவர் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆகையால் முதலில் எழும்பூருக்குப் போனேன். அங்கே 1909-ல் கட்டி முடித்த செங்கல் கட்டடம் ஒன்று இருக்கிறது. முன்னாளில் 'மதராஸ் ரெக்கார்டு ஆபீஸ்' என்று பெயர்; இப்போது தமிழ்நாடு ஆவணக் காப்பகம். ஜார்ஜ் கோட்டையிலிருந்த கம்பெனியார் 1670-களிலிருந்து எழுதி வைத்த நாட்குறிப்புகளும் ஆலோசனைக் குறிப்புகளும் அங்கே இருக்கின்றன. கப்பலில் வந்து இறங்கிய சரக்கு, நெசவாளருக்குக் கொடுத்த முன்பணம், கவுன்ஸில் அங்கத்தினர்கள் ஒருவரோடு ஒருவர் போட்ட சண்டை, எல்லாம் எழுத்தில் இருக்கின்றன.

விண்ணப்பம் எழுதிக் கொடுத்துக் காத்திருந்தேன். நாடாவால் கட்டிய கட்டுகள் வந்தன. அந்தக் காலத்தில் மாகாண சர்க்கார் பதினைந்து நாளுக்கு ஒரு முறை டில்லிக்கு அறிக்கை அனுப்பி வந்தது. 1942-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 8-ஆம் தேதி பம்பாயில் காங்கிரஸ் மகாசபைக் கமிட்டி 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானத்தை நிறைவேற்றியது. மறுநாள் விடிவதற்குள் காந்தி மகாத்மாவும் மற்றத் தலைவர்களும் சிறைப்பட்டார்கள். அதன் பிறகு வந்த அறிக்கைகளில் மாணவர்களுக்கு ஓர் இடம் உண்டு. எந்த ஊரில் வேலைநிறுத்தம், எத்தனை பேர் ஊர்வலம் போனார்கள் என்ற கணக்கெல்லாம் இருக்கிறது. ஆனால் பெயர் இல்லை. சர்க்காருக்கு என் தகப்பனார் ஓர் எண்ணிக்கை. அதற்குமேல் அவரைப் பற்றி அவர்களுக்குக் கவலையில்லை.

வெளியே வந்து மரத்தடியில் நின்றபோது, மனத்தில் ஒரு வெட்கம் உண்டாயிற்று. அந்நியர்கள் மூட்டைக் கணக்கைக்கூடக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்; நாமோ பெற்ற தகப்பனாரின் கையெழுத்தை நெருப்பில் போடுகிறோம். உ. வே. சாமிநாதையர் அவர்கள் ஏட்டுச் சுவடி தேடிக் கரிவலம்வந்தநல்லூருக்குப் போனபோது, கோயிலில் இருந்த பழைய ஏடுகளையெல்லாம் சாஸ்திரப்படி நெருப்பில் இட்டுவிட்டதாகச் சொன்னார்களாம். அந்தப் பரம்பரைக்கு நானும் ஒரு வாரிசு என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு யோசித்துப் பார்த்ததில், இது பாதி உண்மைதான் என்று பட்டது. கொளுத்துகிற குணம் எந்தத் தேசத்தாருக்கும் தனி உரிமை அல்ல. கணித மேதை ராமானுஜன் 1920-ல் காலமான பிறகு அவருடைய காகிதங்கள் இங்கிலாந்துக்குப் போயின. அவற்றில் ஒரு பகுதி ஹார்டியிடமிருந்து வாட்ஸன் என்ற பேராசிரியருக்குப் போய்ச் சேர்ந்தது. வாட்ஸன் 1965-ல் இறந்தார். அவர் படித்த அறையின் தரை முழுவதும் காகிதக் குவியல். இன்னும் சில நாளில் அவ்வளவையும் எரித்துவிடுவதாக ஏற்பாடு! அந்தச் சமயத்தில் விட்டேகர் என்ற கணித நிபுணர் அங்கே போனார். அவரும் ராங்கின் என்பவருமாகப் பொறுக்கி எடுத்ததில் ராமானுஜன் கையெழுத்துப் பக்கங்களும் தப்பிப் பிழைத்தன. 1968-ஆம் வருஷக் கடைசியில் ராங்கின் அவற்றைக் கேம்பிரிட்ஜ் டிரினிடி கல்லூரி நூல் நிலையத்துக்கு அனுப்பினார். அங்கும் அவை பேசாமல் கிடந்தன. 1976-ல் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் பெட்டியைத் திறந்து, கையில் இருப்பது இன்னதென்று கண்டுகொண்டார். நூற்றுக்கு மேற்பட்ட பக்கங்கள்; அறுநூறுக்கு மேற்பட்ட சூத்திரங்கள். அந்த மேதை தம் கடைசி வருஷத்தில் படுக்கையில் இருந்தபடி எழுதியவற்றில் பெரும் பகுதி அது.

அங்கே ஓர் அறிவாளியின் வீட்டில் நெருப்புக்குத் தயாராக இருந்ததென்றால், இங்கே செட்டிநாட்டுக் கோட்டையூரில் வேறு விதமாக நடந்தது. முத்தையா என்பவர் விளம்பரப் பலகை எழுதுகிற ஓவியர். 'ரோஜா' முத்தையா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். புஸ்தகம், பத்திரிகை மட்டுமல்ல. நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, கடிதம் என்று மற்றவர்கள் எறிகிற காகிதங்களையும் ஆயுள் முழுவதும் சேர்த்தார். 1992-ல் அவர் காலமானபோது ஏறக்குறைய 1,00,000 உருப்படிகள் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகத்தார் அந்தச் சேகரத்தை வாங்கி, கப்பலேற்றிக் கொண்டுபோகாமல் சென்னையிலேயே நூலகமாக அமைக்கச் செய்தார்கள். தரமணியில் இன்று அது இருக்கிறது. காகிதத்தின் தலையெழுத்து தேசத்தைப் பொறுத்தது அல்ல. எறிவதற்கு முன்னால் ஒரு மனிதர் குனிந்து பார்த்தாரா, இல்லையா என்பதைப் பொறுத்தது. நான் குனிந்து பார்க்கவில்லை.

இனித் தகப்பனார் படித்த கல்லூரிக்கு வருகிறேன். அதன் பெயரைச் சொல்லப் போவதில்லை. சற்றுப் பின்னால் அதன்மீது ஒரு குறை சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் குறை நம் நாட்டில் இன்னும் பல கல்லூரிகளுக்கும் பொருந்தும்.

அங்கே நூல் நிலையத்தைக் கவனித்துக்கொள்கிறவர் ஓர் இளம் பெண்மணி. நான் வந்த காரியத்தைக் கேட்டதும், "மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை இருக்கிறது, சார். தூசிக்குப் பயப்படாவிட்டால் வாருங்கள்" என்றார். தூசிக்குப் பயந்து நான் செய்த காரியத்தை அவரிடம் சொல்லவில்லை.

அறையில் சேர்க்கைப் பதிவேடுகள் வரிசையாக இருந்தன. வகுப்பு வருகை நோட்டுகளை இத்தனை காலம் யாரும் வைத்திருப்பதில்லை. ஆனால் 1942-ஆம் வருஷத்து நோட்டு ஒன்று, எந்தப் புண்ணியவான் செய்த தவறோ, சேர்க்கைப் பதிவேட்டோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தது. புரட்டினேன். தகப்பனாரின் பெயர் இருந்தது. ஜூலை முழுவதும் தவறாமல் வந்திருக்கிறார். ஆகஸ்டு 8-ஆம் தேதி சனிக்கிழமை வரையில் வந்திருக்கிறார். 10-ஆம் தேதி திங்கட்கிழமை அந்தப் பக்கத்தில் மேலிருந்து கீழ்வரை ஏறக்குறைய யாருமே வரவில்லை! வரிசையாக வராதவர் குறிகள். அடுத்த வாரத்தில் ஒருவர் ஒருவராகத் திரும்பி வந்திருக்கிறார்கள். தகப்பனாரின் வரியில் மட்டும் அந்தக் குறி நீண்டுகொண்டே போய், மாதக் கடைசியில் பெயரின் மேல் சிவப்பு மசியில் ஒரு கோடு. அவ்வளவுதான். எந்தச் சரித்திரப் புஸ்தகமும் அந்தச் சிவப்புக் கோட்டைப் போல் என் நெஞ்சை அடைத்ததில்லை.

"படங்கள் இருக்கின்றனவா, அம்மா?" என்று கேட்டேன்.

இருந்தன. மூன்று ஆல்பங்களும், சட்டம் போட்ட படங்கள் நாற்பதும். ரஸாயனசாலையில் குழாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கும் பையன்கள். டென்னிஸ் மட்டைகளைக் குறுக்கே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வீரர்கள். ஹாஸ்டலில் இலை போட்டுப் பந்தி. நாடகத்தில் புடவை கட்டிக்கொண்டு வெட்கப்படும் மீசை முளைக்காத கதாநாயகிகள். ஒரு படத்தில் எல்லோரும் தெளிவாக இருக்க, ஒருவன் மட்டும் தலையைத் திருப்பிவிட்டதனால் முகம் புகையாக இருந்தது. ஓரங்களில் வெள்ளி பூத்துக் கண்ணாடிபோல் மின்னியது. அந்தக் காலத்துப் படங்களில் உருவத்தைத் தாங்குவது வெள்ளிதான். ஈரமும் கெட்ட காற்றும் பட்டால் அது மேலே கிளம்பி இப்படி மின்னும். மட்டமான அட்டையில் ஒட்டிய படங்கள் அட்டையின் புளிப்பினால் பழுப்பேறிக் கிடந்தன. சிலவற்றைச் சட்டத்தின் கண்ணாடியே பிடித்துக்கொண்டுவிட்டது; இழுத்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும்.

1941-42 என்று மேலே எழுதிய வகுப்புப் படம் கிடைத்தது. முன்னால் ஜமக்காளத்தில் ஒரு வரிசை, நாற்காலிகளில் ஆசிரியர்கள், பின்னால் நிற்பவர்கள், அதற்கும் பின்னால் பெஞ்சுமேல் ஏறி நிற்பவர்கள். கீழே பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில் அட்டையே இல்லை.

"ஒரு விழாவுக்காக எல்லாப் படங்களுக்கும் புதுச் சட்டம் போட்டார்களாம். சட்டம் ஒரே அளவாக இருக்க வேண்டுமென்று கீழே இருந்த பெயர் அட்டையை வெட்டிவிட்டார்கள். நான் வருவதற்கு முன்னால் நடந்தது, சார்" என்றார் அந்தப் பெண்மணி. தாமே வெட்டியவரைப்போல் அவர் முகம் வாடியது.

நான் சொல்லுவதாகச் சொன்ன குறை இதுதான். என்னைவிட அவர்கள் மேல். படத்தையாவது வைத்திருந்தார்கள்.

எழும்பூரில் பெயரில்லாத எண்ணிக்கையைப் பார்த்தேன். பதிவேட்டில் முகமில்லாத பெயரைப் பார்த்தேன். இங்கே பெயரில்லாத முகங்கள், ஐம்பதுக்கு மேல். என்ன செய்வது? கண்ணாடியைப் பார்த்துக்கொள்கிற மனிதன் செய்வதைச் செய்தேன். என் மூக்கைத் தேடினேன். மூன்றாவது வரிசையில் இடப்புறமிருந்து நான்காவது பிள்ளை. அகன்ற நெற்றி, எங்கள் குடும்பத்து மூக்கு, கம்பீரமான கோட்டு. சந்தேகமே இல்லை! கைபேசியில் படம் பிடித்து, பெரிதாக அச்சிட்டுக்கொண்டு வந்தேன். என் மனைவி பார்த்துவிட்டு, "அதே மூக்கு" என்று அத்தாட்சி கொடுத்தாள். அத்தை அப்போது தன் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். மூன்று வாரம் அந்தப் பையனை மேஜைமேல் வைத்துக்கொண்டு, தினந்தோறும் பார்த்துப் பெருமைப்பட்டேன். ஒரு நாள் அவனிடம் போகிச் சமாசாரத்தைச் சொல்லி மன்னிப்புக்கூடக் கேட்டுக்கொண்டேன்.

அத்தை வந்தாள். படத்தை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"இதோ, அப்பா" என்று விரலை வைத்தேன்.

"போடா அசடே! அண்ணாவா இது? இது அண்ணாவின் சிநேகிதன். நம் வீட்டில்தான் பாதி நாள் சாப்பாடு. அவனுக்குக் கோட்டு கிடையாது. படம் எடுக்கிற அன்றைக்கு அண்ணா தன் கோட்டைக் கழற்றி இவனுக்குப் போட்டுவிட்டு, தான் கோட்டு இல்லாமல் பின்னால் போய் நின்றுகொண்டான். படம் வீட்டுக்கு வந்ததும், காசு கொடுத்துத் தைத்த கோட்டு எவன் மேலேயோ இருக்கிறதே என்று அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். இதோ பார்!"

கடைசி வரிசையில், இரண்டு தோள்களுக்கு நடுவே, ஒரு நெற்றியும் இரு கண்களும் தெரிந்தன. அந்தக் கண்கள் சிரித்துக்கொண்டிருந்தன. என் மூக்கு அங்கே தெரியவே இல்லை, அது மறைந்திருந்தது.

நான் சற்று நேரம் பேசவில்லை. அதற்குள் அத்தை மேலும் ஏழு பேரை அடையாளம் காட்டிவிட்டாள். இவர் தமிழ் வாத்தியார். இவன் பிற்பாடு டாக்டரானவன். இவன் பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாதவன். கடைசியாக, வலது ஓரத்தில் எல்லோரையும் விட்டுச் சற்று விலகி, தலைப்பாகையோடு நின்ற ஒருவரைத் தொட்டாள். மணி அடிக்கும் பியூன் என்று நான் அதுவரை கவனிக்காமல் விட்டவர்.

"இவர் நம் தெருக்கோடியில் இருந்தவர். அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் அண்ணாவைப் போலீஸ் வண்டியில் ஏற்றியதை ஓடிவந்து சொன்னது இவர்தான். யாராவது பார்த்திருந்தால் இவர் வேலை போயிருக்கும். எனக்கு அப்போது பத்து வயசு. வாசலில் நின்று மூச்சு வாங்கினார்; அம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தாள்." அத்தை அவருடைய பெயரையும் சொன்னாள். சர்க்கார் அறிக்கையிலும் பதிவேட்டிலும் இல்லாத பெயர். வெட்டிய அட்டையிலும் அது இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

அப்போதுதான் கேட்டாள்: "பெட்டியில் கிடைத்ததா?"

இனி மறைப்பதில் அர்த்தமில்லை. நடந்ததைச் சொன்னேன்.

"தெரியும்" என்றாள் அத்தை. "அந்தப் பொங்கலுக்கே உன் அம்மா எனக்குச் சொல்லி அழுதாள். உனக்குத் தெரிந்தால் கஷ்டப்படுவாய் என்று சொல்ல வேண்டாம் என்றாள்."

"தெரிந்தும் ஏன் கேட்டாய்?"

"கேட்டதனால்தானே தேடினாய்?"

நேயர்களே, ஓர் உண்மையை இங்கே குறிப்பிட விரும்புகிறேன். ராமானுஜனைப் பற்றி ஹார்டி 1940-ல் வெளியிட்ட புஸ்தகத்தில் ஒரு படம் இருக்கிறது. அது எப்படிக் கிடைத்தது தெரியுமா? வானசாஸ்திரி சந்திரசேகர் 1936-ல் இந்தியாவுக்கு வந்தபோது, ராமானுஜனின் மனைவி ஜானகி அம்மாளைத் தேடிப் போய்க் கேட்டார். அந்த அம்மாள் வைத்திருந்த பாஸ்போர்ட்டில் அந்தப் படம் இருந்தது. ராமானுஜன் இறந்து பதினாறு வருஷம் ஆகியிருந்தது. உலகத்துக்கு அந்த முகம் வேண்டியிருந்தபோது, அதை வைத்திருந்தவள் அந்த வீட்டுப் பெண்மணி. போய்க் கேட்க ஒருவர் வேண்டியிருந்தார்.

உங்கள் வீட்டிலும் ஓர் அத்தையோ, பாட்டியோ, பெரியப்பாவோ இருப்பார். இந்த ஞாயிற்றுக்கிழமையே பழைய படங்களை அவர் மடியில் வைத்துக் கேளுங்கள். சொல்லும் பெயர்களைப் படத்தின் பின்புறம், மெல்லிய பென்ஸிலால், ஓரத்தில், அழுத்தாமல் எழுதுங்கள். மசிப் பேனா வேண்டாம். ஊறி முகத்துக்கு வந்துவிடும். கோந்தும் ஒட்டு நாடாவும் வேண்டவே வேண்டாம். வருஷமும் ஊரும் தெரிந்தால் எழுதுங்கள். ஓரமாக நிற்பவரின் பெயரை மறந்துவிடாதீர்கள்.

நான் மறுபடியும் அந்தக் கல்லூரிக்குப் போனேன். ஒன்பது பெயர்கள் கொண்ட தாளை நூல் நிலையப் பெண்மணியிடம் கொடுத்தேன். வரிசையும் இடமும் குறித்து அவர் ஒரு புதிய நோட்டில் எழுதிக்கொண்டார். "மீதிப் பேருக்கு யாராவது வருவார்கள், சார்" என்றார்.

வீட்டுக்குத் திரும்பியபோது அத்தை தன் கைப்பையைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். உள்ளிருந்து ஒரு சிறிய படத்தை எடுத்தாள். பெண்கள் பள்ளிக்கூடம், இரட்டைப் பின்னலும் பாவாடையுமாகப் பன்னிரண்டு பெண்கள். "இதில் உயிரோடு இருப்பவள் நான் ஒருத்திதான். எழுது" என்றாள். பென்ஸிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "முதலில் உன் பெயரைச் சொல், அத்தை. இனிஷியல் அத்திம்பேருடையதுதானே?" என்றேன்.

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அந்தப் படத்தில் எனக்குக் கல்யாணமே ஆகவில்லையேடா! எங்கள் அப்பாவின் இனிஷியலைப் போடு."